கயிற்றுப் பாய் விரிக்காத கோடை

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் வெளிப்பிராகாரம் சுற்றிலும் தேங்காய்நார்க் கயிற்றுப் பாய் விரிப்பார்கள். கருங்கல் தளம். காலை பத்து மணிக்கே அடுப்பில் ஏற்றின தோசைக்கல் மாதிரி ஆகிவிடும். காவற்காரர் குடத்தோடு நடந்து பாயின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார். மாமல்லபுரம் பார்த்துவிட்டுத் திருக்கழுக்குன்றம் போகிறவர்களில் சிலர் வழியில் எங்கள் கோயிலிலும் இறங்குவார்கள். பாயைவிட்டு ஓரடி விலகின பட்டணத்துப் பெண்கள் "அம்மா" என்று துள்ளிப் பாய்க்கே திரும்பி வருவதைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன்.

கொரோனா வந்த வருஷம் அந்தப் பாயை விரிக்கவில்லை. கோபுரக் கதவைச் சாத்தியாயிற்று, பக்தர்கள் வரக்கூடாது என்று உத்தரவு. பக்தர் இல்லாத இடத்தில் பாய் எதற்கு? சுருட்டியது சுருட்டியபடி வாகன அறையில் ரிஷபத்துக்குப் பின்னால் கிடந்தது. காவற்காரரும் வீட்டோடு இருந்துவிட்டார். யாரையும் குற்றம் சொல்ல முடியாது, நானே இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் பூட்டின கோயிலுக்குள்ளும் சுவாமிக்கு வேளை தவறாமல் பூஜை நடக்கவேண்டும் என்று அதே உத்தரவு சொன்னது. அதனால் உள்ளே ஒரே ஒரு ஆள் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார். அவர் என் கணவர்.

அந்தக் கோயிலுக்கு அவர்தான் குருக்கள். அவர் அப்பாவுக்குப் பிறகு அவர். அறுபதைத் தாண்டி வெகுநாளாகியிருந்தது, சர்க்கரை வியாதி வந்தும் வெகுநாளாகியிருந்தது. முந்தின வருஷமே செங்கல்பட்டில் டாக்டர் அவர் உள்ளங்காலில் ஒரு நரம்பு மாதிரி இழையை வைத்து அழுத்தி, "தெரியுதா?" என்று கேட்டார். இவர், "எப்ப வைக்கப்போறேள்?" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். அன்றைக்கே மெத்தென்ற ரப்பர் அடி வைத்த செருப்பு எழுதிக் கொடுத்து, வீட்டுக்குள்ளேகூட இதைப் போட்டுக்கொண்டுதான் நடக்கவேண்டும் என்று கண்டித்துச் சொல்லி அனுப்பினார். இவரும் சொன்ன சொல் தட்டாமல் போட்டுக்கொண்டார், கோயில் வாசல் வரைக்கும். குருக்கள் செருப்போடு பிராகாரம் சுற்ற முடியுமா?

கிணறு ஒரு மூலையில், சுவாமி சந்நிதி நடுவில், அம்பாள் தனிக்கோயில் அந்தப் பக்கம். உச்சிக்காலப் பூஜைக்கு அவர் தண்ணீர் இறைத்து, குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தக் கல்லில் போய்ப் போய் வரவேண்டும். சித்திரை வெயிலில், உணர்ச்சியற்ற காலோடு, பாய் இல்லாத கல்லில். சுடுவது அவருக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அவரும் அந்தப் பட்டணத்துப் பெண்கள் மாதிரி துள்ளியிருப்பார், நான் பார்த்துச் சிரித்திருப்பேன்.

எங்கள் குடித்தனத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். குருக்களுக்குச் சம்பளம் என்று ஒன்று உண்டு, அதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். தட்டில் விழுவதுதான் எங்களுக்கு அரிசியும் பருப்பும். நான் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், எனக்குப் பென்ஷன் கிடையாது. சாயங்காலம் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். கதவு சாத்தின அன்றைக்குத் தட்டும் நின்றது, டியூஷனும் நின்றது.

மாத்திரையும் இன்சுலினும் அதுவரை எங்களுக்குச் செலவே இல்லை. மாதம் ஒரு தடவை பஸ் ஏறிச் செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போவோம், வரிசையில் நிற்போம், வாங்கிக்கொண்டு ஓட்டலில் ஆளுக்கு ஒரு காபி குடித்துவிட்டு வருவோம். எங்கள் வயதில் அதுதான் உல்லாசப் பயணம். பஸ் நின்றதும் இலவச மருந்து எட்டாத மருந்தாகிவிட்டது. ஆட்டோ கேட்கிற காசுக்கு இங்கேயே மருந்துக்கடையில் வாங்கிவிடலாம், கடையில் வாங்கவோ கையில் காசில்லை. நான் என் பிரஷர் மாத்திரையை நகவெட்டியால் பாதியாக நறுக்கிச் சாப்பிட்டேன். அவர் என்ன செய்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது: இரண்டு வேளை ஊசியை ஒரு வேளையாக்கிக்கொண்டுவிட்டார். குப்பி ஏன் தீரவே மாட்டேனென்கிறது என்று நான் கேட்டபோது, "ஈச்வரன் அனுக்ரஹம்" என்றார்.

சாப்பாடு இன்னொரு கூத்து. சாதாரண நாளில் நைவேத்தியச் சாதம் கேட்பார்க்கெல்லாம் போய்விடும். அவருக்கு நான் ராத்திரி கோதுமைத் தோசையோ கேழ்வரகு அடையோதான் கொடுப்பேன். இப்போது கேட்க ஆளில்லை, கோதுமை வாங்கக் காசுமில்லை. சுவாமிக்குக் காட்டின வெள்ளைச் சாதத்தை எறியவும் கூடாது. ஆகவே அந்தச் சாதம் முழுசாக எங்கள் வீட்டுக்கே வந்தது. மூன்று வேளையும் அதுதான். சர்க்கரைக்காரருக்கு அதைவிடச் சிறந்த விஷம் இல்லையென்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பிரசாதம் கெடுதல் பண்ணாது என்று இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு சாப்பிட்டோம்.

ஒருநாள் மத்தியானம் கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் சிவப்புச் சிமென்டுத் தரை. அதில் வாசலிலிருந்து கொல்லைவரைக்கும் மஞ்சளாகத் தடம் போயிருந்தது. ஒற்றைக் கால் தடம், வலது கால் மட்டும்.

"ஏன்னா, மஞ்சள் பூசிக்கறது நானா நீங்களா?" என்று கேட்டேன். வேடிக்கையாகத்தான் கேட்டேன்.

"கொப்புளம்டி. மஞ்சளும் தேங்காண்ணெயும் வெச்சிருக்கேன். ஆறிடும்."

"காலைக் காட்டுங்கோ."

"நீ எதுக்குக் காலைப் பாத்துண்டு..."

"காட்டுங்கோன்னா!"

காட்டினார். பெருவிரலின் அடியில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் கிழிந்து, உள்ளே வெளுத்திருந்தது. என்றைக்கு வந்தது என்று கேட்டால் தெரியவில்லை என்றார். பொய் சொல்லவில்லை, அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. வலிக்கிறதா என்றேன். வலித்தால் சொல்லமாட்டேனா என்றார். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தில் துடைப்புத்துணியை வாளியில் அடித்தேன், தண்ணீர் முகத்தில் தெறித்தது.

அரசு ஆஸ்பத்திரி முழுக்கக் கொரோனாக்காரர்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அங்கே போனால் தனிமைப்படுத்தி உட்காரவைத்துவிடுவார்கள், பூஜை நின்றுவிடும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். அதனால் கடன் வாங்கிக்கொண்டு கடற்கரைச் சாலையில் ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்குப் போனோம். கட்டுப் போட்டார்கள், நன்றாகத்தான் போட்டார்கள். பில் வந்தது. கட்டுக்கு ஒரு தொகை. கட்டுப் போட்டவர் தலையிலிருந்து கால்வரை மாட்டிக்கொண்டிருந்த பி.பி.இ. உடுப்புக்கு அதைப்போல் மூன்று பங்கு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பதை அதுவரை நான் கணக்கு வகுப்பில்தான் சொல்லியிருக்கிறேன். அந்த உடுப்பு இல்லாமல் அவர் எங்களைத் தொட முடியாது, அதுவும் நியாயம். ஆனால் ஒருநாள் விட்டு ஒருநாள் அந்த நியாயத்தை எங்களால் வாங்க முடியவில்லை. மூன்றாம் தடவைக்குப் பிறகு நானே பஞ்சும் மருந்தும் வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் கட்டுப் போட்டேன்.

காலையில் கட்டு மாற்றுவேன். அவர் அதன்மேல் பிளாஸ்டிக் பை ஒன்றைச் சுற்றிக்கொண்டு கோயிலுக்குப் போவார். கர்ப்பக்கிருகத்து வாசலில் பையைக் கழற்றிவிடுவார். உள்ளே ஈரம். திரும்பி வரும்போது கட்டு நனைந்திருக்கும். இதற்கு மேல் என்ன சொல்ல இருக்கிறது? புண் ஆறவில்லை. வைகாசி பிறந்தபோது விரல் கறுத்தது. வீட்டில் ஊதுவத்தி ஏற்ற ஆரம்பித்தேன். எதற்கு ஏற்றுகிறேன் என்று அவர் கேட்கவில்லை.

கடைசியில் ஒருநாள் உச்சிக்காலப் பூஜை முடிந்ததும், சாயங்காலம் சாயரட்சைப் பூஜைக்குள் திரும்பிவிடலாம் என்று சத்தியம் பண்ணி அவரை ஆட்டோவில் ஏற்றினேன். ஆட்டோக்காரர் எங்கள் தெருமுனைக்காரர், வருஷக்கணக்காகத் தெரிந்தவர்.

"டபுளா கேக்கறன்னு நெனச்சிக்காத மாமி. போலீஸ்காரன் புட்ச்சான்னா வண்டியே பூடும்" என்றார். கொஞ்சதூரம் போனதும் திரும்பிப் பார்த்தார். "இன்னா சாமி, கால்ல இன்னா கீது? கோச்சிக்காத சாமி, நாறுது."

இவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவ்வளவு நாள் நான் ஊதுவத்தி ஏற்றி மறைத்ததை ஒருவர் பட்டென்று சொல்லிவிட்டதில் எனக்கு என்னவோ ஆறுதலாகவே இருந்தது. வழியில் தடுப்புப் போட்டிருந்த இடத்தில் போலீஸ்காரர் ஆட்டோவுக்குள் தலையை நீட்டி, உடனே வெளியே எடுத்துக்கொண்டு, போகச்சொல்லிக் கையைக் காட்டினார்.

அரசு ஆஸ்பத்திரியில் நாங்கள் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. கொரோனா ஒரு பக்கம், மற்ற வியாதிக்காரர்கள் ஒரு பக்கம் என்று பிரித்திருந்தார்கள். முகத்தில் கண் மட்டும் தெரிகிற ஒரு பெண் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார், படம் எடுக்கச் சொன்னார், படத்தைப் பார்த்தார். அங்கேயே படுக்கை போட்டுவிட்டார்கள். சாயரட்சைக்குத் திரும்ப முடியாது என்று எனக்குப் புரிந்தது.

தாழ்வாரத்துக்கு வந்து மச்சினருக்குப் போன் செய்தேன்.

மச்சினர் என்றால் இவருடைய ஒரே தம்பி. அவரும் தீட்சை வாங்கினவர், வாலிபத்தில் அண்ணாவோடு சேர்ந்து பூஜை செய்தவர். பிறகு குடும்பம் பெருகி, மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலைக்குப் போனார். அங்கே இயந்திரத்தில் சுட்டுவிரல் பாதி போயிற்று. வேலையும் பிடிக்காமல், கோயிலுக்கே திரும்பி வந்துவிடுகிறேன் என்று அண்ணாவிடம் வந்து நின்றார். இவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அங்கஹீனம் உள்ளவன் சுவாமியைத் தொடக்கூடாது என்று சாஸ்திரம், அவ்வளவுதான் என்றார். சொல்லும்போது இவர் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனாலும் சொன்னார். அதிலிருந்து தம்பி எங்கள் வீட்டுக்குத் திவசத்துக்கு மட்டும் வருவார். கோயிலுக்கு வந்தால் மற்றவர்களோடு வெளியே நின்று கும்பிட்டுவிட்டுப் போவார்.

"மன்னி, நான் பாத்துக்கறேன்" என்றார் போனில். வேறொன்றும் கேட்கவில்லை.

மறுநாள் காலை டாக்டர் வந்தார். "ஐயா, பெருவிரல் போயிடுச்சு. எலும்புவரைக்கும் சீழ். இப்ப விரலை எடுத்தா பாதம் நிக்கும். தள்ளிப்போட்டா எதுவரைக்கும் எடுக்கணும்னு என்னால சொல்ல முடியாது. நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் நான் செய்ய முடியும்."

"வேண்டாம்" என்றார்.

டாக்டர் எவ்வளவோ சொன்னார், இவர் கையை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு படுத்திருந்தார். அந்த அம்மாவுக்குப் பாவம், வேறு நோயாளிகள் காத்திருந்தார்கள். எனக்குக் காரணம் தெரியும். விரல் போனால் சுவாமியைத் தொட முடியாது. சொந்தத் தம்பிக்குச் சொன்ன விதியைத் தனக்கு மாற்றிக்கொள்கிற மனுஷர் இல்லை அவர். காலோடு செத்துப்போகலாம், விரலில்லாமல் வெளியே நிற்கக்கூடாது என்று தீர்மானம் பண்ணியிருந்தார். நாற்பது வருஷம் கூடக் குடித்தனம் பண்ணினவளை ஒரு வார்த்தை கேட்காமல் பண்ணின தீர்மானம் அது.

"விரலில்லாத ஆம்படையான் எனக்குப் போதும்னா" என்றேன். வார்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். "விரலை வெச்சுண்டு நீங்க போய்ச் சேந்துட்டேள்னா நான் என்ன பண்றது? சாஸ்திரத்தைக் கேட்டுச் சொல்லுங்கோ."

அவர் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்:

"நேத்திக்கு விளக்கு யார் ஏத்தினா?"

நான் போனை எடுத்து மச்சினரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு அவர் மார்பின் மேல் வைத்தேன்.

"அண்ணா, நான்தான்" என்றது போன். "சாயரட்சையும் பண்ணினேன், அர்த்தஜாமமும் பண்ணினேன். இன்னிக்குக் கார்த்தால அபிஷேகம் ஆச்சு. நீ கோவிச்சுண்டாலும் சரி. சுவாமியைப் பட்டினி போட எனக்கு மனசு வரலை."

"தொட்டியா?"

"தொட்டேன்."

"அந்தக் கையாலயா?"

"இருக்கறது இந்தக் கைதானே அண்ணா."

இவர் கண்ணை மூடிக்கொண்டார். மார்பின் மேல் போன் ஏறி இறங்கியது. தம்பி போனை வைத்துவிட்டாரோ என்று நான் பார்த்தேன், வைக்கவில்லை.

"சுவாமி ஒண்ணும் சொல்லலையா?" என்றார் இவர்.

"ஒண்ணும் சொல்லலை."

இவர் கண்ணைத் திறந்தார். "பேனாவைக் குடுடி" என்றார்.

விரலை எடுத்தார்கள். ஒரு காசு வாங்கவில்லை. நாங்கள் வீட்டிலேயே இருந்து மிச்சம் பிடித்ததெல்லாம் எதற்கு என்று அந்த வார்டில் உட்கார்ந்து நான் யோசித்துப் பார்த்தேன். பஸ் ஓடியிருந்தால், ஊசி இரண்டு வேளை போட்டிருந்தால், தரையில் ஒரு பாய் விரித்திருந்தால் என்று போய்க்கொண்டே இருந்தது. டீச்சர் புத்தி, கணக்கை எங்கேயாவது முடித்தாகவேண்டும் அதற்கு. இந்தக் கணக்கு முடியவில்லை.

வீட்டுக்கு வந்து புண் ஆற மாதங்களாயின. தம்பிக்குத் தொழிற்சாலையில் வேலை போய்விட்டிருந்தது, அவர் எங்களோடேயே தங்கிப் பூஜையைப் பார்த்துக்கொண்டார். கோயில் கதவு திறந்து ஜனங்கள் வர ஆரம்பித்த சமயம், இவரால் மெல்ல நடக்க முடிந்தது. "நீயும் உள்ள வா அண்ணா" என்று தம்பி கையைப் பிடித்து அழைத்துப்போனார். நான் வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் சுவாமியை மெதுவாகத் தொட்டார், கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அபிஷேகக் குடத்தைத் தூக்கினார். பெருவிரல் இல்லாத கால் அந்த வழவழப்பான ஈரக்கல்லில் நிற்கவில்லை. உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தம்பி குடத்தைப் பிடித்தாரா அண்ணாவைப் பிடித்தாரா தெரியவில்லை, இரண்டும் விழாமல் தப்பின. இன்னொரு தடவை முயன்றார். அப்புறம் குடத்தைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, படி இறங்கி வெளியே வந்துவிட்டார்.

சாஸ்திரம் விட்டாலும் கால் விடவில்லை. அவ்வளவு பெரிய சண்டை, கடைசியில் ஒரு ஈரக்கல்லில் முடிந்துபோயிற்று.

பக்தர்கள் இடைவெளி விட்டு நிற்க மகாமண்டபத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தார்கள். அதில் ஒன்றில் நான் நின்றிருந்தேன். அவர் வந்து அடுத்த வட்டத்தில் நின்றார். அந்த இடத்தில் நின்று அவரை நான் பார்த்ததே இல்லை. உள்ளே மணி அடித்தது, தம்பி தீபாராதனை காட்டினார். விளக்கு வெளிச்சம் லிங்கத்தின் மேல் ஏறி இறங்கியது.

"இங்கேர்ந்து பாத்தா நன்னாத் தெரியறாரேடி" என்றார்.

"நாப்பது வருஷமா நான் இங்கேர்ந்துதானே பாத்துண்டிருக்கேன்" என்றேன். "நடுவுல உங்க முதுகு இருக்கும்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. பிறகு கும்பிடுவதற்காக இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார், உடனே தடுமாறினார். நான் வட்டத்தைத் தாண்டிப் போனேன். அவர் கை என் தோளைப் பிடித்துக்கொண்டது. மடி, ஆசாரம் என்று கோயிலுக்குள் அவர் விரல் நுனிகூட என் மேல் பட்டதில்லை, கல்யாணமான புதிதில்கூட. தீபாராதனை முடிகிறவரை அவர் கையை எடுக்கவில்லை.